இறாலின் குருதியில் கொழுப்பு செல்வது எவ்வாறு?

எண்ணெய் நீரிற் கரையாது என்பது நீங்கள் அறிந்ததே. குருதியோ பெரும்பாலும் நீராலானது. அப்படியாயின் உணவிலிருந்து பெறப்படும் கொழுப்பு உடலின் ஏனைய பகுதிகளைச் சென்றடைவது எவ்வாறு? இதனை எமது நாட்டு நீர்நிலைகளில் வாழும் நன்னீர்ப் பெரிய இறாலைக் கொண்டு நோக்குவோம். நீண்ட நீல நிறக் கொடுக்குகளை உடையது இதுவே.

இறாலினது குருதித் தொகுதி திறந்ததாகும். குருதி உடற்குழியினுள் பாய்ந்து அங்கங்களை நேரடியாக நனைக்கும். இதில் ஒட்சிசனைக் காவுவது ஈமோகுளோபின் அன்று, செப்பைக் கொண்ட ஈமோசயனின் ஆகும். (இரும்பு என எழுதிப் புள்ளியை இழப்போர் பலர்.)

இறாலின் தலைப்பகுதியை உடைக்கும்போது வெளிவரும் மஞ்சள் நிறக் குழம்பான பகுதி ஈரற்சதையி எனப்படும். எம்மைப்போல் தோலின் கீழ் கொழுப்புப் படை இறாலுக்கு இல்லை. ஈரற்சதையியே அதன் பிரதான கொழுப்புக் களஞ்சியம். இங்கிருந்து கொழுப்பு, புரதத்துடன் இணைந்து இலிப்போபுரதம் என்னும் நுண்ணிய துணிக்கையாகக் குருதியிற் செல்கின்றது. நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளேயும், நீரை நாடும் பகுதிகள் வெளியேயும் அமைவதால் அது குருதியிற் பிரிந்து மிதக்காது.

வீட்டுப் பெரியவர்களின் குருதிப் பரிசோதனை அறிக்கையில் 'உயர் அடர்த்தி', 'தாழ் அடர்த்தி' எனக் கண்டிருப்பீர்கள். துணிக்கையில் புரதத்தின் பங்கு கூடினால் அடர்த்தி கூடும், கொழுப்பின் பங்கு கூடினால் குறையும். இறாலில் பிரதானமாக இருப்பது உயர் அடர்த்தி வகையே. அது காவுவது பெரும்பாலும் பொசுபோலிப்பிட்டு ஆகும். வியப்பு யாதெனில், இதே புரதம் பங்கசுக்களின் கலச்சுவரிலுள்ள ஒருவகைக் காபோவைதரேற்றை இனங்கண்டு நோயெதிர்ப்புக்கும் உதவுகின்றது.

பெண் இறாலில் இன்னொரு காவி உண்டு. அது விற்றலோஜெனின். ஈரற்சதையியில் தோன்றிக் குருதி வழியே சூலகத்தை அடைந்து முட்டையின் கருவூணாக மாறும். முட்டைகளின் செம்மஞ்சள் நிறம் அதனுடன் வந்த நிறப்பொருளாலாகும். தாய் வயிற்றின்கீழ் சுமக்கும் ஏறத்தாழ மூன்று வாரத்தில் கருவூண் செலவாக, முட்டை சாம்பல் நிறமாகும். குடம்பி பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

ஆனால் குடம்பி வளர உவர்நீர் தேவை. எனவே, கடலுடன் தொடர்பற்ற குளத்தில் எத்தனை தாய் இறால்கள் முட்டையிட்டாலும் இனம் பெருகாது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை பொரிப்பகங்களில் வளர்க்கும் குஞ்சுகளைக் குளங்களில் விடுவது இதனாலேயே.

இறாலினால் கொலஸ்திரோலைத் தானே தொகுக்க முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. தோல்கழற்றலைத் தூண்டும் ஓமோன் இதிலிருந்தே ஆக்கப்படுகின்றது.

பயிற்சி வினா: கொலஸ்திரோல் முற்றாக நீக்கப்பட்ட உணவு மாத்திரம் வழங்கப்படும் இளம் இறாலொன்றின் வளர்ச்சி எவ்வாறு பாதிக்கப்படும்? காரணந் தருக.