டீசல் திணறும் இடம்

1998-ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் டிரக்குகளுக்கு ஒரு புதிய எஞ்சின் வந்தது. கம்மின்ஸ் தயாரிப்பு, 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு. கையால் கியர் மாற்றும் வண்டிகளில் அதன் சக்தி 235 குதிரைத்திறன். டன் கணக்கில் எடையுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறும் இந்த எஞ்சின் முழு வீச்சில் எவ்வளவு டீசல் குடிக்கும்? கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 12 மில்லிலிட்டர்தான் வருகிறது. இரண்டரை டீஸ்பூன்! நிமிடத்துக்கு 2700 சுற்றில் வினாடிக்கு 135 தடவை டீசல் பீய்ச்சப்படுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு சொட்டுகூடக் கிடையாது.

அப்படியிருந்தும் இந்த டிரக்கின் சொந்தக்காரர்கள் முதலில் கைவைப்பது டீசல் பைப்பில்தான். டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அரை அங்குலக் குழாய் போடுகிறார்கள். இரண்டரை டீஸ்பூனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வழி?

ஏனென்றால் இந்த வண்டியில் டீசலின் வேலை எரிவது மட்டுமல்ல. நாசிலுக்கு டீசலை அனுப்பும் பம்ப் பாஷ் நிறுவனத்தின் விபி44. உள்ளே மின்னல் வேகத்தில் உரசும் உலோகப் பாகங்களுக்கு எஞ்சின் ஆயில் வராது. டீசலேதான் அவற்றுக்கு மசகு. பம்பின் தலையில் ஒரு சிறு கணினியும் உட்கார்ந்திருக்கிறது. அதன் சூட்டைத் தணிப்பதும் டீசல்தான். அதனால் எரிவதைவிட அதிகமான டீசல் பம்புக்குள் வரவேண்டும்; மிச்சம் சூட்டைச் சுமந்துகொண்டு டேங்குக்குத் திரும்பவேண்டும். திரும்பும் வழியில் ஒரு வால்வு காவல் நிற்கிறது. அழுத்தம் ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ ஆனால்தான் அது திறக்கும். வரும் அழுத்தம் குறைந்தால் திரும்பும் ஓட்டமும் குறையும். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டினி கிடப்பது எஞ்சின் அல்ல, பம்ப்.

டீசலைக் கொண்டுவந்து தருவது ஃபீட் பம்ப் என்ற சிறிய மின்சார பம்ப். இந்த டிரக்குகளில் அதை எஞ்சின் பக்கவாட்டில் பொருத்தினார்கள், டேங்கோ வண்டியின் நடுவயிற்றில். ஆக, அது தூரத்திலிருந்து உறிஞ்ச வேண்டியிருந்தது. உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. உண்மையில் எந்த பம்பும் திரவத்தை இழுப்பதில்லை. தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, டேங்குக்குள் இருக்கும் காற்று திரவத்தைத் தள்ளிவிடுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் தள்ளு சக்தி மொத்தமே 14.7 பிஎஸ்ஐ. கொலராடோ மலைகளில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதைக்குப் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். டிரெய்லரோடு ஏறும் வண்டிக்கு அதிக டீசல் தேவைப்படுவதும் அதே இடத்தில்தான். அழுத்தம் மிகவும் இறங்கினால் டீசலில் கரைந்திருந்த காற்று குமிழிகளாக வெளியே வரும். பொறியாளர்கள் அஞ்சும் குமிழாதல், அதாவது தாழ்ந்த அழுத்தத்தில் திரவமே ஆவிக்குமிழியாகி, அழுத்தம் ஏறியதும் உடைந்து உலோகத்தைக் கொத்துவது, அதற்கு அடுத்த படி.

இனி அசல் குற்றவாளிக்கு வரலாம். பைப்பின் நீளம் அல்ல அது. இணைப்புகளில் இருக்கும் பேஞ்சோ போல்ட். நடுவில் துளைபோட்ட போல்ட், அதன் இடுப்பில் குறுக்கே ஓரிரு துளைகள், அதைச் சுற்றி ஒரு வளையம், மேலும் கீழும் ஒரு செம்பு வாஷர். டீசல் வளையத்துக்குள் வந்து, போல்ட்டைச் சுற்றி, குறுக்குத் துளையில் நுழைந்து, அங்கேயே செங்குத்தாகத் திரும்பிப் போகிறது. என்னைக் கேட்டால் இது அழகான கண்டுபிடிப்பு. இடம் அடைக்காது, பைப்பை எந்தத் திசையிலும் திருப்பலாம், இறுக்கும்போது பைப் முறுக்கிக்கொள்ளாது. பிரேக் லைனில் இதற்கு நிகரில்லை, ஏனென்றால் அங்கே திரவம் ஓடுவது மிகக் கொஞ்சம். ஓயாமல் ஓடவேண்டிய டீசலுக்கோ இதே போல்ட் முட்டுக்கட்டை.

எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை? துளையின் விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும். அதே அளவு டீசல் நான்கு மடங்கு வேகத்தில் நுழையவேண்டும். திருப்பங்களில் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் இருமடியில் ஏறுவதால், அது 16 மடங்கு. நேரான குழாயில் நிதானமாக ஓடும் திரவத்துக்கும், வேறு காரணத்தால், அதே 16 வருகிறது. 1840 வாக்கில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து சொன்னது இதைத்தான். அவர் மனத்தில் இருந்தது ரத்த ஓட்டம். இதையே திருப்பிப் போட்டால் மெக்கானிக்குக்கு லாபம்: உட்துளை 8 மி.மீ.யிலிருந்து 12 மி.மீ. ஆனால் தடை ஐந்தில் ஒரு பங்காகிறது.

அதனால் பேஞ்சோக்களை எடுத்துவிட்டு, வாய் குறுகாத 37 பாகைக் கூம்பு இணைப்புகளைப் போடுகிறார்கள். ஃபீட் பம்பை டேங்குக்குப் பக்கத்தில் சட்டத்தில் மாட்டுகிறார்கள். இழுக்கும் தூரம் குறைந்து தள்ளும் தூரம் கூடுகிறது. பைப்பை மாற்றாமல் பெரிய பம்ப் மட்டும் வாங்கிப் போடுபவர்களும் உண்டு. பணத்துக்குக் கேடு. உறிஞ்சும் பக்கத்துத் தடை அப்படியே இருக்க, குமிழிதான் கூடும்.

வேலை பலித்ததா என்று சொல்வது அழுத்தமானி. அதை நேரே மாட்டினால் சீக்கிரம் செத்துவிடும். விபி44-இன் ஒவ்வொரு தெளிப்பும் டீசலில் ஓர் அதிர்வைத் திருப்பி அனுப்புகிறது, வினாடிக்கு 135 சம்மட்டி அடி. நடுவே ஓர் ஊசி வால்வை வைத்து, மயிரிழை அளவுக்கு மட்டும் திறந்துவிட்டால் அடி தேய்ந்து அளவு மட்டும் வந்து சேரும். ஓட்டத்துக்குப் பகையான அதே குறுகல் இங்கே காவலாகிவிடுகிறது!

செம்பு வாஷரிலும் ஒரு சூட்சுமம். ஒரு தடவை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், மறுபடி அடைக்காது. சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் உள்ளே படிகங்கள் புதிதாக அடுக்கிக்கொண்டு பழையபடி இளகும். ஆனால் பைப் முழுவதையும் செம்பில் போடக்கூடாது. டீசல் கெட்டுப் பிசினாவதைச் செம்பு துரிதப்படுத்தும்.

புது லைன் போட்டதும் எல்லோரும் இணைப்புகளின் கீழே சொட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஃபீட் பம்புக்குப் பிந்தைய பக்கத்துக்கு அது சரி. முந்தைய பக்கத்தில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஒழுகும் அந்த இடத்தைப் பிடிக்க, பம்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு சாண் கண்ணாடி போன்ற ஹோஸை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி போகிறதா என்று பார்க்கிறார்கள்.