ஜல்லியில் நடந்த கால்

ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெயிலிலும் மழையிலும் ஜல்லியில் மைல் கணக்காக நடந்த கால்கள் இவை. அவற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வம் உடைந்த கதையை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

2023 மே மாதம். நாக்பூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உச்சி வேளையில் கோயில் பிரகாரம் சுற்றினோம். மற்றவர்கள் குதித்துக் குதித்து நிழலைத் தேடி ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக மூன்று சுற்று முடித்தேன். "ஜல்லியில் நடந்த காலாக்கும்!" என்று பெருமை வேறு. அன்று மாலை வீட்டுத் தரையில் ஈரமான காலடித் தடங்கள். "என்னங்க, உள்ளங்காலைப் பாருங்க!" என்று மனைவி அலறிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு பாதங்களிலும் பெரிய கொப்புளங்கள்; ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வலி மட்டும் துளிக்கூட இல்லை.

எனக்குச் சர்க்கரை வந்து 15 ஆண்டுகள். டாக்டர் ஓர் இசைக்கவையை அதிரவிட்டுக் கட்டைவிரலில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். அதுவும் தெரியவில்லை. "வலிக்காததுதான் சார் உங்க வியாதி" என்றார்.

சுவரில் மாட்டியிருந்த கால் படத்தைக் காட்டி விளக்கச் சொன்னேன். நம் பேச்சு வழக்கிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. காலில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது நரம்பல்ல, சிரை; அசுத்த ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய். உண்மையான நரம்பு உள்ளே மறைந்திருக்கிறது. உடம்பிலேயே பருமனானது சயாட்டிக் நரம்பு. அடிமுதுகிலிருந்து கிளம்பிப் பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கெண்டைக்கால் வழியாக உள்ளங்காலுக்குப் போகிறது. மற்றொன்று முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பைச் சுற்றி முன்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் சதைப்பற்று குறைவு. நெடுநேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் அங்கேதான் நசுங்கும். முதுகிலிருந்து விரல்நுனி வரை ஒரே நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை முதலில் தாக்குவது இந்த நீளமான இழைகளைத்தான். அதனால்தான் மரத்துப்போவது கால்விரலில் ஆரம்பிக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த 1984-ல் சிறிய நிலையங்களில் கைகாட்டி சிக்னல்கள் இருந்தன. கம்பி அறுந்துவிட்டால் எடைக்கட்டை இழுத்து, கை தானாகவே 'அபாயம்' காட்டும், வண்டி நின்றுவிடும். உடம்பில் அந்த ஏற்பாடு இல்லை. கம்பி அறுந்தால் எப்போதும் 'லைன் கிளியர்'தான்! நான் உறுதி என்று நினைத்தது உண்மையில் பழுதான சிக்னல்.

என் புண் இரண்டு மாதத்தில் ஆறியது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்ததே காரணம் என்றார் டாக்டர். இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில் தொடைக்குள் இறங்கும் தமனி, முழங்காலின் பின்புறம் போய், அதன் கீழே முன்னும் பின்னுமாகப் பிரிகிறது. முன்கிளையின் துடிப்பைப் புறங்காலில், கட்டைவிரலைத் தூக்கினால் விறைக்கும் தசைநாணுக்குச் சற்று வெளிப்பக்கம் உணரலாம். பின்கிளையின் துடிப்பு உள் கணுக்காலுக்குப் பின்னால் கிடைக்கும். விரல் நுனியால் மெதுவாகத் தொட வேண்டும். புறங்காலில் சிலருக்கு இயற்கையிலேயே துடிப்பு தட்டுப்படாது. உடனே பயப்பட வேண்டாம், டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து, நின்றதும் வலி விட்டுப்போனால் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் போதாமல் போவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

எங்கள் கீமேன் தினமும் லைன் முழுவதையும் நடந்து பார்ப்பார். விபத்து நடந்த பிறகு பார்ப்பது அவர் வேலையல்ல. நானும் இப்போது இரவு படுக்கப் போகும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரல் இடுக்குகளைத் துடைக்கிறேன். செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார்க்கிறேன். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்ப்பதில்லை, மனைவியைக் கேட்கிறேன். கோயிலுக்குக் காலையிலேயே, காலுறையோடு போகிறேன்.

சர்க்கரை உள்ள அன்பர்களே, "எனக்குக் காலில் வலியே இல்லை" என்று சந்தோஷப்படாதீர்கள். இன்று இரவே ஒருமுறை குனிந்து பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். என் காலைக் காப்பாற்றியது தரையிலிருந்த ஈரத்தைக் கவனித்த என் மனைவியின் கண்தான்.