குறிஞ்சிப் புள் ஒன்று

அகப்பொருள் இலக்கணம் கற்பிக்கும்போது, குறிஞ்சிக்குரிய புள் கிளியும் மயிலும் என்று ஆண்டுதோறும் ஓதிவருவது என் வழக்கம். கொட்டாஞ்சேனை மாலை வகுப்பொன்றில், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பயிலும் மாணவனொருவன் எழுந்து, “ஐயா, எங்கள் மலையில் மயிலைக் கண்டவர் இல்லை. விடியுமுன் ஓடையில் சீழ்க்கையடிக்கும் கறுத்தக் குருவி ஒன்று உண்டு. அதற்கு நூலில் என்ன பெயர்?” என்று வினவினான். விடையின்றி நின்றேன்.

அடுத்த விடுமுறையில் அவனையே வழிகாட்டியாகக் கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றேன். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2100 மீற்றர் உயரம். வெள்ளவத்தைக் கடற்காற்றிலேயே பழகிய என் உடம்பு குளிரில் ஒடுங்கிற்று. ஆங்கே பாதையருகில் அரெங்கா பொய்கை என்றொரு சிறு நீர்நிலை உண்டு. நாம் தேடிய பறவையின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. புலர்ந்தும் புலராப் பொழுதில், நீரொலியை ஊடறுத்து வந்தது ஒரு கூரிய சீழ்க்கை. பாசி படர்ந்த கல்லொன்றில் கருநிழல் போன்ற உருவம் ஒரு கணம் நின்றது; மறுகணம் புதருள் மறைந்தது. கண்டது அவ்வளவே.

சிங்களத்தில் இதனை அரங்கயா என்பர். இலங்கையின் நடுமலைநாட்டிலன்றி உலகில் வேறெங்கும் இது வாழ்வதில்லை. நீளம் ஏறத்தாழ 20 சதமமீற்றர். ஆண் கருமை, அதன் தோளில் ஒளிரும் நீலத் திட்டு ஒன்று உண்டு. பெண் கபிலம், அதன் நீலம் சிறிது. பூச்சிகளோடு சிறு தவளை, பல்லி முதலியவற்றையும் உண்ணும். ஓடையை ஒட்டிய பாறை விளிம்பிலோ மரக்கவட்டிலோ பாசியும் வேரும் கொண்டு கூடமைத்து, ஒன்றிரண்டு முட்டையே இடும். அருவியின் ஆழ்ந்த இரைச்சலில் அமிழ்ந்து போகாவண்ணம் இதன் குரல் மிக உயர்ந்து ஒலிக்கின்றது. வாழிடத்திற்கேற்ற குரல் வாய்த்த வியப்பை என்னென்பது!

இதற்கு அறிவியற் பெயர் கிடைத்த வரலாறும் சிந்திக்கத்தக்கது. முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்காக இலங்கைக்கு வந்த ஹோல்ட்ஸ்வேர்த் என்பார் 1872இல் இப்பறவையை அறிஞருலகுக்கு அறிவித்தார். பிளை என்னும் கோப்பித் தோட்டத் துரையின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அக்காலத்தில் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டு வந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. எந்தத் தொழில் பறவையின் வீட்டைப் பறித்ததோ, அத்தொழிலைச் சார்ந்தவரின் பெயரே பறவைக்கு அமைந்தது! காட்டை வெட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்டோரோ தமிழகத்திலிருந்து வந்த நம்மவர். பிரட்டுக்களத்திற்கு இருட்டில் நடந்தபோது இக்குரலை நாடோறும் கேட்டவர்கள் அவர்களே. அவர்கள் இட்ட பெயரை எவரும் கேட்டெழுதவில்லை.

எஞ்சிய காடுகள் துண்டுதுண்டாய்க் கிடக்கின்றன. 1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் நடுமலைநாட்டுக் காடுகள் சில உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றன. ஆயினும் காப்பெல்லைக்கு வெளியே மரநிழல் குறைய ஓடை வறள்கின்றது. தோட்டங்களில் தெளிக்கும் நஞ்சு நீரில் கலக்கின்றது. நிழலும் நீரும் இணைந்த இடத்திலன்றி வாழவியலாத இப்புள், அழிவை எதிர்நோக்கும் உயிர்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

இலக்கணம் பிழைத்ததா எனின், இல்லை. நூலோர் தம் நிலத்தில் கண்டதைக் கூறினர். ஹோர்ட்டன் சமவெளியிலும் குறிஞ்சியினத்துச் செடிகள் உண்டு. நெலு எனப்படும் அவை பல்லாண்டுக்கொருமுறை, 2013இற்போல, மலையெங்கும் ஒருங்கே மலரும். பூ இருந்தது, புள்ளும் இருந்தது. மனனம் செய்த நாமே மலையை நோக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பறவை நூல்கள் இதன் உறவினமொன்றைச் சீகாரப் பூங்குருவி என்று வழங்குகின்றன. அப்பெயரை இதற்கும் இரவல் பெறலாம். கொழும்பிலிருந்தபடி புதுப்பெயர் ஒன்று புனைதலும் பண்டிதருக்கு அரிதன்று. ஆயினும் நான் அவ்விரண்டையும் செய்யவில்லை. தோட்டத்து லயங்களில் வாழும் முதியோரிடம், அக்குரலை எப்பெயரால் அழைத்தனர் என்று கேட்டு வருமாறு அம்மாணவனைப் பணித்துள்ளேன். அவர்களும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். கேட்பதாயின் இப்பொழுதே கேட்டல் வேண்டும். அவன் வரும்வரை, எங்கள் வகுப்புக் குறிப்பேட்டில் குறிஞ்சிக்குரிய புள் என்னுமிடத்தில், கிளி, மயில் என்பவற்றின் பின்னே ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது.