தொலைக்காட்சிக்கு ஏற்ற ஒலிபெருக்கி

மாலைச் செய்தி தொடங்குகிறது. சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர், "இப்போது என்ன சொன்னார்?" என்று பேரனை வினவுகிறார். பேரன் ஒலியைக் கூட்டுகிறான். செய்தி முடிந்து விளம்பரம் வந்தவுடன் அதே ஒலி வீடு முழுவதும் அதிர்கிறது. அடுத்த அறையில் உறங்கும் குழந்தை விழித்து அழுகிறது. ஒலி குறைக்கப்படுகிறது. முதியவர் மீண்டும் வினவுகிறார். சில வாரங்களுக்குப் பின் அவர் வினவுவதையே நிறுத்திவிடுகிறார். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்றவர் சிரிக்கும்போது தாமும் சிரிக்கிறார்.

இத்தகைய இல்லங்களில்தான் 'சவுண்ட்பார்' என வழங்கும் நீண்ட ஒலிபெருக்கிப் பட்டையையோ, தனித்தனிப் பெட்டிகளால் ஆன ஒலிபெருக்கித் தொகுதியையோ வாங்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. கடைக்குச் செல்பவரோ வாட் கணக்கையும் அதிர்வின் வலிமையையும் கண்டு மயங்கி, மிகுதியாக முழங்கும் கருவியை வாங்கி வந்துவிடுகிறார். முதியவரின் குறை அதனால் தீர்வதில்லை. ஏனெனில் குறை இருந்தது ஓசையின் அளவில் அன்று, சொல்லின் தெளிவில். இவ்வேறுபாட்டை அறிந்து வாங்குபவருக்குப் பொருளும் மிஞ்சும், பயனும் கிட்டும்.

மெலிந்த பெட்டியின் குறை

1925-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர்களான செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவரும் அமைத்துக் காட்டிய ஒலிபெருக்கியின் தத்துவமே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையாக இருந்து வருகிறது. காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட கம்பிச்சுருள் ஒன்று மின்னோட்டத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைகிறது; அதனோடு இணைந்த கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை எழுப்புகிறது. சுருதி தாழத் தாழ, கூம்பு அசைய வேண்டிய தூரம் மிகுகிறது. ஓசையின் வலிமை மாறாமலிருக்க வேண்டுமாயின், ஒரு ஸ்தாயி இறங்குந்தோறும் அசைவு நான்கு மடங்காக வேண்டும். எனவே கனத்த ஒலிகளுக்குப் பெரிய கூம்பும், கூம்பின் பின்புறம் எழும் அலை முன்புற அலையை அழித்துவிடாதபடி தடுக்க ஓரளவு விசாலமான பெட்டியும் தேவைப்படுகின்றன.

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு சோதனை முறையில் தொடங்கியபோது இருந்த பெட்டிகள் ஆழமானவை. படக்குழாயின் நீளம் அதற்குக் காரணம். அந்த ஆழம் ஒலிபெருக்கிக்கும் இடம் தந்தது. இன்றைய தட்டைத் திரைகளின் கனம் சில சென்டிமீட்டர்களே. சில வாட் ஆற்றலுள்ள சிறு ஒலிபெருக்கிகள் அவற்றின் அடியிலோ பின்புறத்திலோ பொருத்தப்படுகின்றன. அவை எழுப்பும் ஒலி முதலில் மேசையிலும் சுவரிலும் மோதி, அதன் பின்னரே செவியை அடைகிறது. முன்னோக்கிய ஒலிபெருக்கி எதுவாயினும், மிகச் சாதாரணமானதேயாயினும், இந்நிலையைத் திருத்தும் என்பது கருதத்தக்கது.

பொருளைத் தாங்கும் ஒலிகள்

பேச்சின் வலிமையைத் தாங்குபவை உயிரெழுத்து ஒலிகள். அதன் பொருளைப் பெரிதும் தாங்குபவை மெய்யெழுத்து ஒலிகள். 'பத்து' என்ற சொல்லையும் 'பட்டு' என்ற சொல்லையும் வேறுபடுத்துவது, வினாடியின் மிகச் சிறு பகுதியே நிலைக்கும் மெல்லிய ஒலிக்கூறு ஒன்றேயாகும். உயிரொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது வினாடிக்கு 1,000 அதிர்வுகளுக்குக் குறைந்த பகுதியில், அடங்குகிறது. 'ஸ', 'ச' போன்றவற்றை இனங்காட்டும் கூறுகளோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் மிகுதியாக உள்ளன. முதுமையில் செவியின் கூர்மை முதலில் மங்குவது இவ்வுயர்ந்த பகுதியில்தான். ஆகவே முதியவருக்குக் குரல் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை.

மற்றோர் உண்மையும் உண்டு. வலிய தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளைச் செவியில் மறைத்துவிடும். கனத்த முழக்கத்தைக் கூட்டும் கருவி, சொல்லைத் தெளிவாக்குவதற்கு மாறாக மேலும் மூடிவிடக்கூடும் என்பது இதனால் பெறப்படுகிறது.

எண்களின் பொருள்

அட்டைப் பெட்டிகளின் மேல் 2.0, 2.1, 3.1, 5.1 என்னும் எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. புள்ளிக்கு முன்னுள்ள எண் தனித்தனி ஒலித்தடங்களைக் குறிக்கும். பின்னுள்ள எண் 'சப்வூஃபர்' எனப்படும் தாழ்சுருதிப் பெட்டியைக் குறிக்கும். 5.1.2 என மூன்றாம் எண் இருப்பின், அது மேல்நோக்கி ஒலி எழுப்பும் தடங்களின் எண்ணிக்கையாகும்.

இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டு இடவலத் தோற்றத்தை உண்டாக்கும் முறைக்கு 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் உரிமைக்காப்பு கோரினார். 1933-இல் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் நகர அரங்கொன்றில் ஒலிக்கச் செய்தபோது, பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெச்சர் குழுவினர் மூன்று தடங்களைப் பயன்படுத்தினர். நடுத்தடத்தின் தேவை எளிதில் விளங்குவது. இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் இருக்குமிடத்தில், இரண்டிற்கும் சம தூரத்தில் அமர்ந்தவருக்குக் குரல் திரையின் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். ஓரத்தில் அமர்ந்தவருக்கு அது அருகிலுள்ள ஒலிபெருக்கியின் பக்கம் சாய்ந்துவிடும். திரைப்படங்களிலும் பல தொடர்களிலும் உரையாடல் நடுத்தடத்திலேயே பெரிதும் பதிவு செய்யப்படுகிறது. தனி நடு ஒலிபெருக்கி இருப்பின், இசையைக் கூட்டாமல் உரையாடலை மட்டும் உயர்த்திக்கொள்ள இயலும். ஆகவே சொல் தெளிவை நாடும் குடும்பத்துக்கு, 2.1 என்னும் பெருமுழக்கக் கருவியைவிட 3.1 என்னும் அடக்கமான கருவி பெரும்பாலும் ஏற்றது.

சவுண்ட்பாரின் எல்லையும் அறியத்தக்கது. 90 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டை 3 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 பாகைக் கோணத்தையே அடைக்கிறது. இரு பெட்டிகளை 2 மீட்டர் இடைவெளியில் வைத்தால் அக்கோணம் 37 பாகையாகிறது. இசையை விரும்பிக் கேட்போருக்குத் தனித்தனியான இரண்டு நல்ல பெட்டிகளே பரந்த இசைத்தோற்றத்தை அளிக்கும். இடமும் கம்பிகளும் குறைவாக இருக்க வேண்டும் என்போருக்குப் பட்டை வசதியானது.

2012-இல் திரையரங்குகளில் அறிமுகமான டால்பி அட்மாஸ் முறையைப் பின்பற்றும் பட்டைகளில் பல, ஒலியைக் கூரையில் மோதச்செய்து மேலிருந்து வருவதுபோல் காட்டுகின்றன. இதற்குச் சமதளமான, மிக உயரமில்லாத கூரை வேண்டும். ஓட்டுக்கூரை, உத்திரங்கள் குறுக்கிடும் கூரை ஆகியவற்றின் கீழ் அதற்கென மிகுதியாகச் செலவிடும் பணம் வீணாகும்.

வாட் கணக்கு

ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல், தேவை. எனவே 200 வாட் கருவிக்கும் 400 வாட் கருவிக்கும் இடையே விலையில் காணும் வேறுபாடு செவியில் காண்பதன்று.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 1 வாட் ஆற்றலுக்கு 1 மீட்டர் தொலைவில் 85 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி, திறந்தவெளியில் 3 மீட்டரில் 75 டெசிபெல்லுக்குச் சற்று மேலாகத் தரும். இயல்பான உரையாடல் 60 டெசிபெல் அளவினது. ஆகவே 65 டெசிபெல்லில் செய்தி கேட்க ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கே போதும். இசையின் உச்சங்கள் இதற்கு மேல் 20 டெசிபெல் உயர்ந்தாலும் 10 வாட் போதுமானது. அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட்டுகள் ஒரு கணநேர உச்சத்தைக் கற்பித்துக் கூறுபவை. அவற்றை நம்புதல் வேண்டா. தொடர்ந்து அளிக்கும் ஆற்றலைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். எண்ணையே கேட்டறிதல் வேண்டும்.

அறையும் ஒரு கருவியே

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்காமற்போயிற்று. காரணத்தைக் கண்டறியும் பணி வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். இதிலிருந்து பிறந்த விதி இன்றும் பயன்படுகிறது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், முழக்கம் 60 டெசிபெல் தணிய ஆகும் வினாடிகள் கிடைக்கும்.

நீளம் 4, அகலம் 3, உயரம் 3 மீட்டர் கொண்ட வெற்றறை ஒன்றைக் கொள்வோம். அதன் கன அளவு 36 கனமீட்டர். பரப்பு 66 சதுரமீட்டர். பூசிய சுவரும் தரை ஓடும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கே உறிஞ்சுமாயின், உறிஞ்சும் பரப்பு 2 சதுரமீட்டரேயாகும். முழக்கம் ஏறக்குறைய 3 வினாடி நிலைக்கும். ஒரு சொல் அடங்குமுன் பல சொற்கள் அதன்மேல் விழும். பஞ்சு மெத்தை, தடித்த திரைச்சீலை, நூல் நிறைந்த அலமாரி ஆகியவற்றால் உறிஞ்சும் பரப்பு 10 சதுரமீட்டராக உயர்ந்தால், அதே முழக்கம் 0.6 வினாடிக்குள் அடங்கிவிடும். கைதட்டிப் பார்த்து, கணகணவென்ற ஓசை தொடருமாயின், ஒலிபெருக்கிக்கு முன் திரைச்சீலை வாங்குவதே அறிவுடைமை.

தாழ்சுருதிப் பெட்டியை மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸ் அளவில் தானே ஒத்ததிரும்; பெட்டியை அரை மீட்டர் நகர்த்தினாலே வேறுபாடு தெரியலாம். தாழ்ந்த ஒலி சுவரையும் எளிதில் கடந்து செல்லும். அடுக்குமாடிகளில் வாழ்வோர் இதை மறத்தலாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்னும் அளவுகளை வகுத்துள்ளன.

இணைப்பு

தொலைக்காட்சியின் ஒலியைக் கருவிக்குக் கொண்டுசெல்ல, 2009-இல் வகுக்கப்பட்ட ஏ.ஆர்.சி. வசதியுள்ள எச்.டி.எம்.ஐ. கம்பியே சிறந்த வழி. இதனால் ஒரே ரிமோட்டைக் கொண்டு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். அவ்வசதி இல்லாத பழைய பெட்டிகளுக்கு ஒளியிழைக் கம்பி போதும். புளூடூத் முறையில் ஒலி பெரும்பாலும் 100 மில்லிவினாடிக்கு மேல் தாமதிக்கிறது. ஒலி படத்துக்கு 125 மில்லிவினாடி பிந்தினால் பார்ப்பவர் அதை உணரத் தொடங்குவர் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் காண்பது. உதட்டசைவைக் கண்டு சொல்லைப் பின்பற்றும் முதியவருக்கு இத்தாமதம் பெருந்தடையாகும்.

கடையில் செய்யத்தக்க சோதனை

கடைக்குச் செல்லுமுன் அறையையும், இருக்கைக்கும் திரைக்கும் உள்ள தொலைவையும் நாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெட்டியின் அமைப்பில் உள்ள பேச்சுத் தெளிவு முறையை ஒரு நாள் சோதித்துப் பார்ப்பதும் நன்று. சிற்சில இல்லங்களில் அதுவே போதுமானதாகி, செலவு தவிர்க்கப்படும்.

கடையில் சண்டைக் காட்சியைக் காட்டி முழங்கச் செய்வர். அதை ஒதுக்கிவிட்டு, செய்தியறிக்கை ஒன்றை ஒலிக்கச் செய்தல் வேண்டும். இரு கருவிகளை ஒப்பிடுகையில் அவற்றின் ஓசை சம அளவில் இருப்பது அவசியம். சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததெனத் தோன்றுவது செவியின் இயல்பு. பின்னர் ஓசையைக் குறைத்துக்கொண்டே வந்து, எக்கருவியில் சொற்கள் இறுதிவரை விளங்குகின்றன என்று கவனிக்க வேண்டும். உரையாடலைத் தனியே உயர்த்தும் வசதியும், உரத்த பகுதிகளை அடக்கி மெல்லியவற்றை உயர்த்தும் இரவு முறையும் உள்ளனவா என்று கேட்டறிதல் நன்று. யாவற்றிலும் முக்கியமாக, யாருக்காக வாங்கப்படுகிறதோ அவரையே உடன் அழைத்துச் செல்லவேண்டும். இளைஞரின் செவிக்குத் தெளிவாகத் தோன்றுவது முதியவரின் செவிக்கு அவ்வாறு தோன்றுமென்பது உறுதியன்று.

நல்ல கருவியிலும் சொல் விளங்கவில்லையெனில், குறை கருவியில் இல்லை என்று கொண்டு செவி மருத்துவரை அணுகுதல் வேண்டும். ஒலியை உயர்த்திக்கொண்டே போவது தீர்வாகாது. உலகச் சுகாதார ஸ்தாபனம், வயது வந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்று எச்சரித்துள்ளது.

ஒலிபெருக்கி வீட்டுக்கு வந்த மறுநாள் அதன் தரத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. செய்தி வாசிக்கப்படும்போது முதியவர் பேரனைப் பார்த்து வினவாமல், கேட்ட செய்தியைப் பற்றித் தம் கருத்தைக் கூறுவாராயின், தேர்வு சரியானதே.