வீடு நிறைந்தால் மனம் நிறையுமா?



தீபாவளி நெருங்கும் வேளையில் எண்ணெய், அரிசி, பூமாலை ஆகியவற்றோடு வேறு சிலவும் ஆலய வாயிலுக்கு வருகின்றன. கண்ணாடி உடைந்த சாமி படங்கள், நெளிந்த எவர்சில்வர் பாத்திரங்கள், பழந்துணி மூட்டைகள்! கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு வைத்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். அவற்றைப் பிரித்து அப்புறப்படுத்தும் வேலை தொண்டர்களுக்கு வந்து சேர்கிறது.

பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. பிள்ளைகள் தனிக்குடித்தனம் சென்றபின், 2019-ஆம் ஆண்டு நானும் என் துணைவியாரும் ஐந்தறை வீட்டை விட்டு மூவறை வீட்டுக்கு மாறினோம். ஏறத்தாழ 110 சதுர மீட்டரில் பரப்பியிருந்தவற்றை 65 சதுர மீட்டருக்குள் அடக்க வேண்டும். மூட்டை கட்டியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. நான்கு மின்விசிறிகள், உறை பிரிக்காத ஏழு படுக்கை விரிப்புகள், ஒன்பது குத்துவிளக்குகள்! நாங்கள் ஏற்றி வந்ததோ ஒரே விளக்கைத்தான். சிக்கனம் பற்றி மாணவர்களைக் கட்டுரை எழுதச் செய்து, அதைத் திருத்தி மதிப்பெண் போட்டவன் நான்.

எஞ்சிய எட்டு விளக்குகளையும் ஆலயத்துக்குத் தந்துவிடலாம் என்று அலுவலகத்தில் கேட்டேன். “விளக்கு நிறைய இருக்கிறது ஐயா. எண்ணெய்தான் வேண்டும்” என்றார் எழுத்தர். நமக்கு வேண்டாததைத் தள்ளிவிடுவது வேறு, பிறருக்கு வேண்டியதை அளிப்பது வேறு என்பது அன்று எனக்கு விளங்கியது.

பொருள்கள் ஏன் இப்படிச் சேர்கின்றன? நூறு வெள்ளிப் பொருளை அறுபது வெள்ளிக்கு வாங்கினால் நாற்பது வெள்ளி மிச்சம் என எண்ணி மகிழ்கிறோம். அது தேவையற்ற பொருளாயின், அறுபது வெள்ளி வீண் என்பதே சரியான கணக்கு. முன்பு மலிவு விற்பனைக்குக் கடைத்தெரு வரை செல்லவாவது வேண்டியிருந்தது. இன்று நள்ளிரவிலும் கைத்தொலைபேசியைத் தொட்டால் போதும், பொருள் வாசலுக்கே வந்துவிடுகிறது. கையில் காசில்லை என்ற தடையையும் கடன் அட்டையும் தவணைமுறையும் நீக்கிவிட்டன.

வீசிய பொருளும் மறைந்துவிடுவதில்லை. சிங்கப்பூரில் எரியக்கூடிய குப்பை எரிக்கப்பட்டு, அதன் சாம்பல் கடல்வழியே செமக்காவ் தீவுக்குச் செல்கிறது. 1999 முதல் நமக்குள்ள ஒரே குப்பை நிரப்பிடம் அதுதான். அது 2035 வாக்கில் நிரம்பிவிடக்கூடும் என்று 2019-இல் மதிப்பிடப்பட்டது. நம் பேரப்பிள்ளைகளின் காலத்தை இது பாதிக்கும் அல்லவா?

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் ஐந்து இயமங்களுள் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைத்துள்ளது. தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமை என்பது அதன் பொருள். இல்லறத்தார் இதைச் சிறிது சிறிதாகப் பழகலாம்:

1. விரும்பிய பொருளை வாங்குமுன் ஒரு வாரம் பொறுத்திருங்கள். பல ஆசைகள் தாமே அடங்கிவிடும்.

2. புதியது ஒன்று வந்தால், பழையது ஒன்று பயன்படுத்துவோரிடம் செல்லட்டும்.

3. கொடுக்குமுன் கேளுங்கள். உடைந்ததையும் கிழிந்ததையும் தானமாகக் கருதாதீர்கள்.

4. பழைய சாமி படங்களை வாயிலிலோ மரத்தடியிலோ விட்டுச் செல்லாமல், அர்ச்சகரிடம் முறையைக் கேட்டறியுங்கள்.

5. குடிபுகுவிழாவுக்கு மேலும் ஒரு விளக்கு வாங்குவதைவிட, அக்குடும்பத்தின் பெயரில் அன்னதானத்துக்கு உபயம் செய்யலாம்.

எல்லாவற்றையும் துறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தம் தாயாரின் பித்தளைச் சொம்பை மட்டும் தரமாட்டேன் என்றார் என் துணைவியார். முன்பு அலமாரியின் பின்புறத்தில் கிடந்த அந்தச் சொம்பில்தான் இப்போது நாள்தோறும் பூசைக்கு நீர் வைக்கிறோம். மற்றவை போனபின்புதான் அது எங்கள் கண்ணில் பட்டது.

இத்தீபாவளிக்குக் கடைக்குப் புறப்படுமுன் உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். போதும் என்ற மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.