தாளத்தில் அடங்காத குரல்

பாட்டின் பாதை – 12

சென்ற வாரம் சுருதிப்பெட்டி மின்சாரத்துக்கு மாறிய கதையைப் பார்த்தோம். ஓதுவாரின் பக்கத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி வந்து உட்கார்ந்தபோது யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. சுருதி பாட்டுக்குக் கீழே ஓடுகிறது. பாடுகிறவரை அது அவசரப்படுத்துவதில்லை. தாளம் அப்படியல்ல. தாளக்கட்டு இல்லாமல் வளர்ந்த ஒரு வழிபாட்டுப் பாட்டை இயந்திரத் தாளத்தின் மேல் ஏற்றினால் என்ன ஆகும்? 1990இல் ஐரோப்பாவில் ஒருவர் அதைச் செய்து காட்டினார், உலகமே கேட்டது.

அவர் மைக்கேல் க்ரேட்டு. ருமேனியாவில் பிறந்தவர். ஸ்பெயினின் இபிஸா தீவில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். ‘எனிக்மா’ என்ற பெயரில் அவர் வெளியிட்ட ‘ஸேட்னஸ்’ பாடல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. ஆண்குரல்கள் லத்தீனில் பாடத் தொடங்கும். சற்று நேரத்தில் நிதானமான டிரம் தாளம் சேரும். மேலே குழலோசையும், பிரெஞ்சில் முணுமுணுக்கும் ஒரு பெண்குரலும் வரும். அந்த ஆண்குரல்கள் பாடியது குருத்தோலை ஞாயிறு பவனிக்கான பாட்டு. அதைக் கொண்டுபோய் மார்க்கி த சாட் என்ற காமக் கதை எழுத்தாளரைப் பற்றிய பாடலில் வைத்தார் க்ரேட்டு. விசுவாசிகள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை.

அந்த ஆண்குரல்கள் பாடியது கிரிகோரியன் இசை; அது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டு இசை. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த முதலாம் கிரிகோரியின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இன்று நாம் கேட்கும் வடிவம் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் ஃபிராங்க் அரசர்களின் காலத்தில் உருவானது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். பக்கவாத்தியம் இல்லை. எண்ணிக்கையில் அடங்கும் தாளமும் இல்லை. சொல்லின் நீளமும் பாடுகிறவரின் மூச்சுமே அதன் அளவுகோல். இடையில் வழக்குக் குலைந்துபோன அந்த முறையை, 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து மீட்டெடுத்தார்கள்.

கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் இருந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். இந்த இசை நமக்கு அத்தனை தூரமில்லை. கிரிகோரி மறைந்த அதே 7ஆம் நூற்றாண்டில்தான் ஞானசம்பந்தர் நம் மாவட்டத்துத் திருச்செங்கோட்டுக்கு வந்து, அடியாரை வாட்டிய குளிர்க்காய்ச்சல் தீரத் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது மரபு. தேவாரத்தைத் தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம். தாளமில்லாமல் சொல்லை நிறுத்தி நிறுத்திப் பாடினால் சுத்தாங்கம். சுத்தாங்கமாகப் பாடும் ஓதுவாரையும் சொலெம் துறவியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மொழி வேறு, பண் வேறு; மூச்சின் ஒழுங்கு ஒன்றுதான்.

லத்தீனும் இந்த மலையடிவாரத்துக்குப் புதிதல்ல. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட கத்தோலிக்கக் குரு ராபர்ட் தெ நொபிலி, நமக்கு அடுத்திருக்கும் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். காவியுடுத்தித் தமிழில் போதித்து, தமிழில் நூல்கள் எழுதியவர் அவர். ஆனால் அவருடைய பூசையின் மொழி லத்தீன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்குக் கதவைத் திறக்கும் வரை, தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களிலும் பாட்டுப் பூசை லத்தீனில்தான் நடந்தது. கிரிகோரியன் இசைக்கு முதன்மை இடம் உண்டு என்று சொன்ன அதே சாசனம், அந்தந்த மண்ணின் இசைக்கும் உரிய மதிப்புத் தரச் சொன்னது.

தாளமில்லாத குரலில் தாளத்தைப் பூட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பதை நேரில் பார்க்க விரும்பினேன். எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர் லேப்டாப்பில் பக்திப் பாட்டுகளுக்கு பீட் சேர்ப்பவர். சனிக்கிழமைச் சந்தையில் மிளகும் சீரகமும் மல்லியும் மூட்டை மூட்டையாக விலைபோகும் நேரத்தில், பக்கத்துக் கடை ஸ்பீக்கரில் ஓடுவது பெரும்பாலும் அவர் கைவேலைதான். பதிகம் பாடப் பழகிய பெரியவர் ஒருவரிடம் கேட்டு, திருநீலகண்டப் பதிகத்தை அவர் குரலில் பதிந்துகொண்டோம்.

திரையில் குரல் அலை அலையாக விரிந்தது. அதன் மேல் தாளத்தின் கோடுகள் சம இடைவெளியில் நின்றன. முதல் அடி கோட்டில் தொடங்கியது. இரண்டாம் அடி சற்றுத் தள்ளிப்போனது. மூன்றாம் அடிக்குள் குரல் ஒரு பக்கம், பீட் ஒரு பக்கம். “அண்ணா, இவரு டெம்போவுல நிக்கவே மாட்டேங்கறாருங்க” என்றார் தம்பி. அடிகளை வெட்டினார், சிலதை இழுத்தார், சிலதைச் சுருக்கினார், கோட்டோடு ஒட்டவைத்தார். இப்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் சீர்களின் கடைசியில் வரும் நெடில்கள் பாதியில் அறுந்தன. பெரியவர் ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “நான் மூச்சு வாங்குன எடமெல்லாம் எங்க போச்சுங்க தம்பி?” என்றார்.

தம்பி அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். கீழே சுருதி மட்டும் ஓடவிட்டார். பெரியவர் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் ஒரு தாழ்ந்த மத்தள ஒலியை வைத்தார். குரல் போகிற போக்கில் தாளக் கோடுகளை நகர்த்திக்கொள்ளும் வசதி இன்றைய மென்பொருள்களில் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்தினார். பாட்டு எழுந்து நின்றது.

க்ரேட்டுவின் திறமையும் இங்கேதான். அவர் வேகமான தாளத்தை எடுக்கவில்லை. லத்தீன் அடிகளைத் தாளத்தின் மேல் மிதக்கவிட்டார். ஒவ்வொரு அசையையும் டிரம் அடியில் ஆணியடித்து வைக்கவில்லை. கல்கோயிலின் எதிரொலி போன்ற நீண்ட முழக்கம், ஓர் அடி முடிந்த பிறகும் அதைக் காற்றில் நிறுத்தியது. அந்தப் பாடலைக் கேட்டுக் கெட்டுப்போனார்கள் என்று இளைஞர்களைச் சிலர் குறை சொன்னார்கள். நடந்ததோ வேறு. ஸ்பெயினின் சாந்தோ டொமிங்கோ தெ சீலோஸ் மடத்துத் துறவிகள் முன்பே பாடிப் பதிந்திருந்த பாட்டுகள் 1994இல் மறுபடி வெளிவந்தபோது, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறின. பீட் இல்லாத மூலத்தையே மக்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். நல்ல கலப்பு, கேட்பவரை ஊற்றுவரை கூட்டிப்போகும்.

ஆனால் க்ரேட்டு ஒரு கடமையைச் செய்யவில்லை. அந்தக் குரல்கள் கொன்ராட் ருலான்ட் நடத்திய மியூனிக் நகரின் ‘கப்பெல்லா அந்திக்வா’ பாடகர் குழுவினுடையவை. 1976இல் வந்த இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. அனுமதி கேட்கவில்லை. வழக்கு வந்தது, இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. அடுத்த தொகுப்பிலும் அதே கதை. ‘ரிட்டர்ன் டு இன்னொசன்ஸ்’ பாட்டில் ஒலிக்கும் குரல், தைவானின் அமிஸ் பழங்குடி முதியவர் டிஃபாங்குடையது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் விளம்பரம்வரை அந்தக் குரல் போனது. அவர் பெயர் போகவில்லை. 1998இல் அவர் வழக்குத் தொடுத்த பிறகே சமரசமும் அங்கீகாரமும் கிடைத்தன.

நம்மிடம் வேறொரு வழிக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே கணினி இசையைக் கையாண்ட இளையராஜா, 2005இல் திருவாசகத்தைச் சிம்பொனிக்குக் கொண்டுபோனார். கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பரின் தமிழ் மையம் அதை வெளியிட்டது. புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. ஓதுவார்கள் வழிவழியாக மோகனத்தில் பாடும் திருவாசகத்துக்கு, இளையராஜா தானே மெட்டமைத்துத் தன் குரலில் பாடினார். யாருடைய பதிவிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுக்கவில்லை. மாணிக்கவாசகரின் சொல்லுக்கு முன்னால் தன் பெயரோடும் தன் குரலோடும் நின்றார். அந்தப் பொறுப்புணர்ச்சி நமக்கு வேண்டும்.

பழைய பாட்டு எல்லோருக்கும் பொது. அதைப் பாடிய குரல் பொது அல்ல. அது ஒருவரின் மூச்சு, அவருடைய ஆயுளில் ஒரு பகுதி. மலைமேல் அறப்பளீசுவரர் சன்னதியில் பதிகம் பாடுகிறவரானாலும், தபசு காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும் அம்மாவானாலும், நாற்று நடவில் பாடும் பெண்களானாலும், அவர்களைப் பதிகிற இளைஞர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: சம்மதம் வாங்குங்கள், பாடியவர் பெயரை உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள், வருமானம் வந்தால் பங்கு கொடுங்கள், பீட் சேர்த்த பிறகு அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர் தலையாட்டினால் தயங்காமல் வெளியிடுங்கள். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் இயந்திரம் இந்தப் பாட்டுகளுக்குப் பகையல்ல. அவர்கள் பொறுமையோடு கையாண்டால், அடுத்த தலைமுறை இவற்றைக் கேட்பதற்கு அதுவே வழியாகும்.

அடுத்த வாரம்: சாலமன் தீவுகளில் ஒரு பெண் பாடிய தாலாட்டு, நடன மேடைகள் ஏறிய கதை.

(தொடரும்)