கை சொன்னபடி கேளாதபோது

“கண் பிடரியிலா இருக்கிறது?” தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடும் பெண்ணைப் பார்த்து நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி இது. அவள் பார்வையில் பழுதில்லை, புத்தியிலும் குறைவில்லை. ஆயினும் கை சொன்னபடி கேட்பதில்லை. இதற்கு டிஸ்பிராக்சியா என்று பெயர். 100 பிள்ளைகளில் 5 அல்லது 6 பேருக்கு இது உண்டென்பது மருத்துவர்களின் கணக்கு. ஆண்பிள்ளைகளிடமே அதிகமாகக் கண்டறிகிறார்களாம். பெண்பிள்ளை என்றால் ‘பொறுப்பில்லாதவள்’ என்ற பெயரோடு விட்டுவிடுகிறார்கள் போலும்!

ஐந்தாங்கல் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். கல்லை எவ்வளவு உயரம் வீசுவது, அது இறங்குமுன் தரையிலுள்ளதை எப்படி அள்ளுவது, கையை எப்போது விரிப்பது என்று மூளை நொடியில் திட்டமிடுகிறது. பத்து நாள் ஆடினால் யோசிக்காமலே வந்துவிடும். இப்பிள்ளைகளுக்கோ அந்தத் திட்டமிடுதலே சிக்கல். நூறாம் முறையும் புதிதுபோலவே இருக்கும். ஷூ நாடா கட்டுவதும், கவராயத்தால் வட்டம் வரைவதும் அப்படியே. வாயால் கேட்டால் பாடத்தை அழகாகச் சொல்லும் பெண், தாளில் கோழி கிறுக்கியதுபோல் எழுதுவாள். பகலெல்லாம் இப்படிப் போராடி மாலையில் களைத்துப் படுத்தால், அதற்கும் ‘சோம்பேறி’ என்று பட்டம். இது நியாயமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஹாரி பாட்டர் படங்களில் நடித்த டேனியல் ராட்கிளிஃப், தமக்கும் இது லேசாக உண்டென்று 2008 இல் வெளிப்படையாகச் சொன்னார். ஷூ நாடா கட்டுவது அவருக்கும் தொல்லைதானாம்.

மாத்திரையால் இது தீராது. ஆக்குபேஷனல் தெரபி என்னும் பயிற்சி உதவும். வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. நாடா கட்டும்போது எல்லாவற்றையும் நாம் செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடலாம். அது கைவந்தபின் அதற்கு முந்திய படி. இப்படிப் பின்னிருந்து முன்னாகப் பழக்கினால், ஒவ்வொரு முறையும் முடித்து வைத்தவள் அவளே ஆகிறாள். சட்டைப் பொத்தானைக் கண்ணுக்குத் தெரியும் கீழ்ப்பக்கத்திலிருந்து போடச் சொல்லலாம். கரும்பலகையில் உள்ளதை அவள் எழுதி முடிக்குமுன் அழிக்க நேர்ந்தால், தோழியின் நோட்டைக் கொடுத்தனுப்பலாம். கையெழுத்துக்காக மதிப்பெண் குறைக்குமுன் ஒருமுறை வாய்மொழியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியைகளைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

மாணவிகளாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோ-கோ ஆட்டத்திற்கு ஆள் பிரிக்கையில் எப்போதும் கடைசியாக நிற்பவள் யார் என்பது நமக்குத் தெரியும். அடுத்த முறை பெயர்ச்சீட்டு எழுதிக் குலுக்கிப் பிரிப்போமே!